வாசலில் குறுக்கே நின்ற நாய்

2003ஆம் ஆண்டு ஜூன் மாதம் 14ஆம் தேதி, சனிக்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடத்துக்கு எங்கள் வீட்டு நாய் ஒரு நெசவாளரின் வலது கையைக் கவ்வியது. நேரம் நினைவிருப்பதற்குக் காரணம், பத்தரை மணிப் பேருந்தில் வேலூருக்குப் போக வேண்டும் என்று நான் கூடத்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததுதான். நாய் எங்கள் வீட்டுக்கு வந்து அன்றைக்குப் பதினான்கு நாட்கள் ஆகியிருந்தன. அதை வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னவள் நான்.

ஆரணியில் எங்கள் வீடு, பட்டு கொடுத்துப் புடவை வாங்கும் வீடு. அப்பாவுக்குச் சொந்தமாகத் தறி கிடையாது. சுற்றுத் தெருக்களில் நாற்பது பேர் அவரவர் வீட்டுத் தறியில் எங்களுக்காக நெய்தார்கள். நெய்து முடித்த புடவையைக் கொண்டுவந்து விரித்துக் காட்டுவார்கள். அடுத்த புடவைக்கான பட்டையும் ஜரிகையையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போவார்கள். காலை ஒன்பது மணியிலிருந்து மதியம் வரை எங்கள் கூடத்தில் ஆள் இல்லாத நேரம் இராது. யாரும் கதவைத் தட்டியதில்லை. பகலில் கதவு சாத்தியிருந்தால், வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று எதிர் வீட்டில் விசாரிப்பார்கள்.

அதற்கு முந்தைய மழைக்காலத்தில் யாரோ பின்கட்டு ஓட்டைப் பிரித்து இறங்கி ஜரிகைக் கட்டுகளை எடுத்துப் போய்விட்டார்கள். அதன் பிறகு அப்பா தூங்குவதை நான் பார்க்கவில்லை. மூன்று முறை பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் படுப்பார்; படுத்த பிறகு எழுந்து நான்காம் முறை இழுத்துப் பார்ப்பார். ஒரு நாய் வேண்டும் என்று அவர் சொல்லத் தொடங்கியது அப்போதுதான்.

நான் வேலூரில் ஆங்கில இலக்கியம் முதுகலை முதலாண்டு படித்து முடித்திருந்தேன். கோடை விடுமுறையிலும் நூலகத்துக்குப் போய்வருவேன். கல்லூரி அறிவிப்புப் பலகையில் மே மாதத்தில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. இரண்டு வயது ராட்வைலர் ஆண் நாய். குடும்பம் வடக்கே மாற்றலாகிப் போவதால் தகுந்த வீட்டுக்கு இலவசமாகத் தரப்படும். அந்த முகவரி கல்லூரியிலிருந்து நடக்கும் தூரத்தில் இருந்தது. அன்று மாலையே போனேன்.

கதவைத் திறந்தவர் நாற்பது வயதிருக்கும் அம்மையார். அவருடைய கணவர் பொறியாளர். பெட்டிகள் பாதி கட்டிய நிலையில் இருந்த அந்த வீட்டின் நடுவே நாய் உட்கார்ந்திருந்தது. கரிய உடல், அகன்ற தலை, புருவத்துக்கு மேல் பழுப்பு நிறத்தில் இரண்டு புள்ளிகள். அது குரைக்கவில்லை, வாலாட்டவுமில்லை. நான் தேநீர் குடித்து முடிக்கும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு எழுந்து வந்து, தன் எடை முழுவதையும் என் முழங்காலில் சாய்த்து நின்றது. நான் அதிகம் பேசாதவள். பிறர் என்னிடம் எளிதில் நெருங்குவதில்லை. அந்த எடையை நான் விலக்கவில்லை. விலக்க விரும்பவும் இல்லை.

"அது ஒருத்தரை ஏத்துக்கறதுக்குப் பல நாள் ஆகும். உங்களை இவ்ளோ சீக்கிரம் ஏத்துக்கிச்சே!" என்றார் அவர். பிறகு ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த இரண்டு தாள்களைக் கொடுத்தார். "ரெண்டையும் அப்பாவுக்குப் படிச்சிக் காட்டுங்க. முழுசா. அதுக்கப்புறம் வேணுமா வேணாமான்னு சொல்லுங்க."

முதல் தாளில் இருந்தவை: வீட்டாரிடம் மிகுந்த பற்றுடையது. அச்சமற்றது. தன் இடத்தைக் காப்பதை யாரும் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. அந்நியரிடம் எதையும் வாங்கித் தின்னாது. இவற்றை நான் அப்பாவுக்குத் தமிழில் சொன்னபோது அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

இரண்டாம் தாளை நான் அவருக்குப் படிக்கவில்லை. அதில் இருந்தவற்றை இன்றும் வரிசை மாறாமல் சொல்ல முடியும். புதிய இடத்தில் அது முடிவெடுக்க இரண்டு மூன்று வாரங்கள் ஆகும்; அந்த நாட்களில் அமைதியாக இருக்கும்; அந்த அமைதியைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உள்ளே வருபவரைவிட, எதையாவது எடுத்துக்கொண்டு வெளியே போகிறவரையே அது கவனிக்கும். அது வாசலில் குறுக்கே நின்றால் சிரிக்கக் கூடாது, தாண்டவும் கூடாது; நின்ற இடத்திலேயே நின்று வீட்டார் ஒருவரை அழைக்க வேண்டும். அது கையைப் பிடித்துவிட்டால் இழுக்காமல், கையில் இருப்பதைக் கீழே போட்டுவிட வேண்டும். கடைசி வரி இது: ஆட்கள் அதிகம் வந்துபோகும் வீட்டுக்கு இந்த நாய் ஏற்றதல்ல.

அந்த வரியைப் படித்துவிட்டுத் தாளை மடித்து என் குறிப்பேட்டுக்குள் வைத்தேன். அதை உரக்கப் படித்திருந்தால் நாய் எங்கள் வீட்டுக்கு வந்திருக்காது. அது எனக்குத் தெரிந்திருந்தது. இதற்கு மேல் அந்தச் செயலுக்கு விளக்கம் எதுவும் என்னிடம் இல்லை.

அந்த அம்மையாரும் கவனமாகத்தான் இருந்தார். வீட்டைப் பார்க்காமல் நாயைத் தர முடியாது என்றார். நான் அதைச் சொன்னதும் அப்பா யோசிக்காமல் பதில் சொன்னார்: "அமாவாசைக்கு வரச் சொல்லு. அன்னிக்குத்தான் நாம சும்மா கீறோம்."

ஆரணியில் அமாவாசையன்று தறி ஓடாது. நெசவாளர்களுக்கு அதுதான் விடுமுறை. அன்று பட்டு கொடுப்பதும் இல்லை, புடவை வாங்குவதும் இல்லை. மாதத்தில் அந்த ஒரு நாள்தான் எங்கள் கூடத்தில் பாய் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். வைகாசி அமாவாசையன்று அவர் காரில் நாயோடு வந்து இறங்கினார். பெருக்கித் துடைத்த, ஆளற்ற கூடத்தைப் பார்த்தார். அப்பா, அம்மா, நான் என்று மூன்று பேரைப் பார்த்தார். தெருவிலும் சத்தமில்லை.

"வீட்டுக்கு நிறைய பேர் வருவாங்களா?" என்று கேட்டார்.

"யாரு வரப்போறா? நம்ப ஆளுங்கதான்" என்றார் அப்பா.

அவர் பொய் சொல்லவில்லை. நாற்பது நெசவாளர்கள் வந்துபோவதை அவர் ஒருநாளும் வருகையாக எண்ணியதில்லை. அவருக்கு அது தொழில். நான் அருகிலேயே நின்றுகொண்டிருந்தேன். அந்த அம்மையார் ஒருமுறை என் முகத்தைப் பார்த்தார். நான் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டேன். அவர் நாயின் நெற்றியில் கைவைத்து நெடுநேரம் நின்றுவிட்டுப் புறப்பட்டார். அடுத்த வாரம் அவர்கள் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள்.

ஆகவே நாய் முதலில் அறிந்துகொண்ட வீடு, மூன்று பேர் மட்டும் வாழும் அமைதியான வீடு. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அந்த வீட்டுக்குள் ஒருவர் பின் ஒருவராக ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஒவ்வொருவரும் ஒரு பையோடு வெளியே போனார்கள். பின்கட்டில் கட்டிவைத்திருந்த இடத்திலிருந்து நாய் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அது யாரையும் பார்த்துக் குரைக்கவில்லை. அதுவே எல்லோருக்கும் வேடிக்கையாயிற்று.

"இன்னா மொதலாளி, காவலுக்கு நாய் கேட்டீங்க, எருமைக் கன்னப் புடிச்சாந்து உட்டுட்டாங்களா?"

"தே, மூஞ்சிக்கு நேரா நிக்கிறேன், ஒரு சத்தம் காணோம். ஊமைய தள்ளி வுட்டுட்டாங்க உங்க தலையில."

"உன்னாட்டம் வளவளன்னு பேசறதுக்கா அத வச்சிகினு கீறேன்?" என்பார் அப்பா, பெருமையோடு.

அம்மா முதலில் அதன் அருகே போகவில்லை. நான்காம் நாள் மோர்சாதம் பிசைந்து வைத்தாள். ஆறாம் நாள் அதை "நைனா" என்று கூப்பிடத் தொடங்கினாள். பத்தாம் நாள், இவ்வளவு சாதுவான பிராணியைக் கட்டிப்போடுவது பாவம் என்று சொல்லி அவிழ்த்துவிட்டாள். அது நேராகக் கூடத்துக்கு வந்து வாசற்படிக்கு உள்ளே படுத்துக்கொண்டது. வந்தவர்களை உள்ளே விட்டது. பையோடு எழுந்தவர்கள் வாசலை நெருங்கும்போது தானும் எழுந்து, தன் நீளம் முழுவதும் படிக்குக் குறுக்காக வரும்படி நின்றது.

கூடம் முழுவதும் சிரித்தது. "டோல்கேட்ட மூடிட்டான்ப்பா! மொதலாளி, சீட்டு குடுங்க, அப்பதான் வுடுவான்." அப்பா வந்து நாயின் முதுகில் தட்டுவார், அது விலகும். அதன்பின் நாலு நாளும் இதுவே வழக்கமாயிற்று. பட்டு வாங்கிய ஒவ்வொருவரும் வாசலில் நின்று அப்பாவைக் கூப்பிட்டார்கள். இரண்டாம் தாளில் எழுதியிருந்தது என் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது. சிரிக்காதவள் நான் ஒருத்திதான். ஆனால் வாயைத் திறந்தால், இது உனக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி வரும்.

அன்று காலை வந்தவர் இருபது ஆண்டுகளாக எங்களுக்கு நெய்பவர். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். புடவையைக் கொடுத்துவிட்டு, அடுத்த புடவைக்கான பட்டையும் ஜரிகையையும் மஞ்சள் பையில் வாங்கிக்கொண்டு எழுந்தார். அப்பா உள்ளறையில் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். அம்மா சற்றுமுன் நாயைக் குளிப்பாட்டி விட்டிருந்தாள்; ஈரம் காயாத உடலோடு அது வாசலில் குறுக்கே நின்றது.

"பாப்பா, உங்க டோல்கேட்டு சாத்திகினு கீது பாரு. தொறந்து வுடும்மா."

"அப்பா வருவாரு மாமா. ஒரு நிமிஷம்" என்றேன்.

"ஒரு நிமிஷம் ஒரு நிமிஷம்னு அவரு போன்ல கெடப்பாரு. வூட்டுல தறி காத்துகினு கீது, ஜல்தி போவணும்." நாயைப் பார்த்து, "நவுருடா ராசா" என்று சொல்லிக்கொண்டே அதைத் தாண்டக் காலைத் தூக்கினார்.

உறுமல் இல்லை. பாய்ச்சலும் இல்லை. பையைப் பிடித்திருந்த கையை நாய் வாயில் எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான். முதல் சில நொடிகள் இரத்தம் வரவில்லை. அது கடிக்கவில்லை, பிடித்திருந்தது. பையைக் கீழே போட்டிருந்தால் விட்டிருக்கும். ஆனால் ஆரணியில் எந்த நெசவாளர் பட்டைத் தரையில் போடுவார்? பட்டில் கால் படக்கூடாது, ஈரம் படக்கூடாது. கை இடறினாலும் பட்டை முதலில் மேலே தூக்குவதுதான் அவர்களுக்கு உடம்போடு வந்த பழக்கம். அவரும் அதைத்தான் செய்தார். பையை உயரத் தூக்கினார். கை இழுபட்டது. நாய் பிடியை இறுக்கியது. அவர் இன்னும் உயரத் தூக்கினார்.

"மொதலாளி! பட்டு! பட்ட வாங்கிக்கோங்க, ரத்தம் ஆவுது!"

அவர் கத்தியது இதைத்தான். கை போகிறது என்று கத்தவில்லை. பையைக் கீழே போடுங்கள் என்ற மூன்று சொற்கள் எனக்குத் தெரியும். அவை வெளியே வரவில்லை. அப்பா ஓடிவந்து அவர் கையிலிருந்து பையைப் பறித்ததும் நாய் உடனே வாயைத் திறந்தது. இரண்டடி பின்வாங்கி உட்கார்ந்து, சொன்ன வேலையை முடித்தவன் போல அப்பாவின் முகத்தைப் பார்த்தது.

மருத்துவமனையில் குழாயடியில் அவருடைய கையை நெடுநேரம் சோப்புப் போட்டுக் கழுவினார்கள். நான் அவருடைய துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மருத்துவர் கட்டைவிரலை மடக்கச் சொன்னார். மற்ற நான்கு விரல்களும் மடங்கின. கட்டைவிரல் அசையாமல் நின்றது.

"டாக்டரு, தறியில நாடாவ ஓட்டறதுக்குக் கயிறு இழுக்கற கையி சார் இது" என்றார் மாமா. ஏதோ தவறாகப் புரிந்துகொண்டவருக்கு விளக்குவது போலச் சொன்னார்.

நரம்பு அறுந்திருக்கிறதா என்பதை வீக்கம் வடிந்த பிறகே சொல்ல முடியும் என்றார் மருத்துவர். ஊசிகளுக்கான தேதிகளை எழுதிக் கொடுத்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "தடுப்பூசி போட்ட நாயா இருந்தாலும் பத்து நாள் கட்டிப்போட்டுக் கண்ணெதிர்லயே வெச்சிருங்க. அதுக்கு ஏதாவது ஆனா உடனே வந்து சொல்லணும்" என்றார். அப்பா தலையாட்டினார்.

நாங்கள் வீடு திரும்பியபோது தெரு கூடியிருந்தது. மாமாவின் மனைவி படியேறி வரவில்லை. வாசலுக்கு வெளியே நின்று பேசினாள்.

"இருவது வருசமா இந்தப் படிய மிதிக்கிற மனுசன், அது கண்ணுக்குத் திருடனாத் தெரிஞ்சாரா மொதலாளி? யாரு திருடன், யாரு நம்ப ஆளுன்னு அதுக்குச் சொல்லிக் குடுக்கலியா நீங்க?"

கூட்டத்தில் இருந்த இளைஞர்கள் இருவர் கையில் தறிக்கட்டை வைத்திருந்தார்கள். "சாயங்காலத்துக்குள்ள இத அனுப்பிடுங்க. இல்லாங்காட்டி நாங்களே அடிச்சிப் போட்டுருவோம். அது கீற வரைக்கும் ஒருத்தரும் உள்ள வரமாட்டோம்" என்றான் ஒருவன். பின்கட்டில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த நாய்க்கு அந்தக் குரல்கள் கேட்டிருக்க வேண்டும். அது அப்போதும் குரைக்கவில்லை.

கதவைச் சாத்தினோம். பட்டப்பகலில் எங்கள் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. அம்மா சுவரோரம் உட்கார்ந்து அழுதாள். "நாந்தானே அவுத்து உட்டேன். சாதுன்னு நெனச்சேனே. அது இப்டிப் பண்ணும்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்" என்றேன்.

இரண்டாம் தாளை எடுத்துவந்து அப்பாவின் முன் நின்று, வரி வரியாகத் தமிழில் சொன்னேன். கடைசி வரியை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"இது எப்ப ஒங்கைக்கு வந்துச்சி?"

"நாய் வர்றதுக்கு முன்னாடியே."

அவர் என்னை அடித்திருக்கலாம், திட்டியிருக்கலாம். தாளை வாங்கி நான்காகக் கிழித்தார். கிழித்ததை இன்னும் நான்காகக் கிழித்து அடுப்படிக்குப் போய்ப் போட்டுவிட்டு வந்தார். "இத யார்கிட்டயும் சொல்லாத. ஒருத்தர்கிட்டயும்" என்றார். பிறகு தொலைபேசியின் அருகே உட்கார்ந்தார்.

நாயைத் தந்த அம்மையாரின் வேலூர் எண்ணில் மணி மட்டும் அடித்துக்கொண்டேயிருந்தது. கால்நடை மருத்துவர், நோயில்லாத நாயைக் கொல்ல ஊசி போட முடியாது, பத்து நாள் கட்டிவைத்துப் பாருங்கள் என்றார். தெருக்கோடியில் தறிக்கட்டையோடு ஆட்கள் இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள். கடைசியில் அப்பா கண்ணமங்கலத்தில் அரிசி ஆலை வைத்திருக்கும் ஒருவரைக் கூப்பிட்டார். எங்களிடம் கல்யாணப் புடவை வாங்கிய பழக்கம். அவர் போன வாரமே நாயைப் பற்றிக் கேள்விப்பட்டு, உங்களுக்கு வேண்டாமென்றால் எனக்குக் கொடுங்கள் என்று விளையாட்டாகச் சொல்லியிருந்தார். அவருடைய ஆலை வேலூர் சாலையில் இருக்கிறது. நான் நாள்தோறும் கடந்து போகும் இடம். மூட்டை சுமப்பவர்கள் எறும்புச் சாரியாக ஆலைக்கும் லாரிக்கும் இடையே போய்வருவதைப் பேருந்துச் சன்னல் வழியே எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

"அப்பா, அங்க மூட்டை தூக்கறவங்க..." என்றேன்.

"பெரிய எடம் அது. பகல்ல கட்டி வச்சிருவாரு. ராத்திரிக்குத்தான் அவுத்து உடுவாரு." என்னைப் பார்க்காமலே சொன்னார். "இங்க இருந்தா அடிச்சே கொன்னுடுவானுங்க. அதான் ஒனக்கு வேணுமா?"

நாலரை மணிக்கு ஜீப் பின்பக்கச் சந்தில் வந்து நின்றது. ஆலைக்காரர் சங்கிலியிலிருந்த நாயைச் சுற்றிவந்து பார்த்தார்.

"யப்பா! பாக்கறப்பவே வயித்த கலக்குதே. இப்டிதான் வோணும். இன்னாண்ணா, கடிக்கற பழக்கம் ஒண்ணும் இல்லியே?"

"கத்தவே கத்தாது" என்றார் அப்பா.

"அப்ப ஏன் தள்ளி வுடறீங்க?"

"பாப்பா காலேஜுக்குப் போயிடுது. வூட்டுல பாத்துக்க ஆளில்ல. பேஜாராப் பூடுது."

ஆலைக்காரர் என் பக்கம் திரும்பினார். "படிச்ச பொண்ணு நீ சொல்லும்மா. இது ஆளு எப்டி?"

"தன்னோட வீட்டு ஆளுங்கள ஒண்ணும் செய்யாது" என்றேன்.

அந்த வாக்கியத்தில் பிழை இல்லை. எவ்வளவு பார்த்துச் சொற்களைப் பொறுக்கினேன் என்பது எனக்கு மட்டும் தெரியும். அவர் கடகடவென்று சிரித்தார்.

"அப்ப ஒண்ணும் கவலையில்ல. என் மில்லுல கீற அம்பது பேரும் என் வூட்டு ஆளுங்கதான்!"

அந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். அவர் பேச இடம் விட்டுத்தான் சிரித்தார். அப்பாவின் கண்கள் என்மேல் இருந்தன. சந்துக்கு அப்பால் ஆட்களின் பேச்சுச் சத்தம் கேட்டது. நான் நாயின் கழுத்தில் கைவைத்தேன். அதுவரை ஏற மறுத்து நின்ற நாய், என் கை பட்டதும் ஜீப்பில் ஏறியது.

அன்றைய இரவு அப்பா பூட்டை இழுத்துப் பார்க்கவில்லை. நானும் எதுவும் படிக்கவில்லை. மூடிய கண்ணுக்குள் மாமாவின் கட்டைவிரல் இல்லை. ஒரு தலைச்சுமையும், அதைத் தாங்கிப் பிடித்த, யாருடையது என்று தெரியாத ஒரு கையும் வந்துகொண்டேயிருந்தன.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததும் புடவை மாற்றிக்கொண்டு புறப்பட்டேன். அம்மா வாசலில் நீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு ஏதுடீ காலேஜி?"

"கண்ணமங்கலம் போறேம்மா."

அவள் சொம்பைப் படியில் வைத்தாள். பிறகு, "அவரு எழுந்தா நான் சொல்லிக்கறேன். ஜல்தி போ" என்றாள்.

வேலூர்ப் பேருந்திலிருந்து ஆலை வாசலில் இறங்கியபோது மணி ஏழு ஆகவில்லை. வாசலுக்கு வெளியே லாரி நின்றது; ஆலைக் கதவு குறுகலானது, லாரி உள்ளே போகாது. வேலைக்கு வந்தவர்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். நாய் கதவுக்கு உட்புறம் படுத்திருந்தது. அதன் கழுத்தில் பட்டை இருந்தது; சங்கிலி இல்லை.

ஆலைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். "வாம்மா! அத வுட்டுட்டு இருக்க முடியலியா? பாரு, காலைலேர்ந்து இருவது பேரு உள்ள பூந்துட்டாங்க. ஒருத்தனக்கூட ஏன்னு கேக்கல. தங்கம்!"

"வெளிய யாராவது போனாங்களா?"

"இன்னும் லோடே ஆரம்பிக்கலியே."

அவருக்கு எதிரே நின்று சொன்னேன். நேற்றுக் காலை இந்த நாய் ஒருவரைக் கடித்தது. அவர் பட்டுப் பையோடு வெளியே போனபோது கடித்தது. அவருடைய கட்டைவிரல் மடங்கவில்லை. நாயைப் பத்து நாள் கட்டிப்போட்டுக் கவனிக்கச் சொல்லியிருக்கிறார்கள். இது உள்ளே வருகிறவர்களை விடும். சுமையோடு வெளியே போகிறவர்களை விடாது. எல்லாவற்றையும் எழுதிவைத்துப் படிப்பவளைப் போலச் சொல்லி முடித்தேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "உங்கப்பா இத சொல்லலியே."

"சொல்லல. நீங்க என்னையும் கேட்டீங்க. நானும் சொல்லல."

"ஏம்மா, என் ஆளுங்க கைய கடிக்க வுட்டு வேடிக்க பாக்க அனுப்பினீங்களா? பூ மாதிரி நின்னுகினு இருந்தியே நேத்து!" எழுந்துவிட்டார். "சங்கிலி ஜீப்புல கீது. ஜீப்பு டீசல் போடப் பூடிச்சி. இரு, மொதல்ல உங்கப்பனக் கேக்கறேன்." தொலைபேசி இருக்கும் அறைக்குள் வேகமாகப் போனார்.

அவர் உள்ளே போன அதே நேரத்தில், ஆலைக் கொட்டகையிலிருந்து தலையில் தவிட்டு மூட்டையோடு ஒரு பெண் வெளியே வந்தாள். ஒரு கை மூட்டையைத் தாங்கியிருந்தது. மறு கை இடுப்பில் இருந்தது. அவளுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர். நாய் எழுந்தது. நிதானமாக நடந்து வந்து கதவுக்குக் குறுக்கே நின்றது. அவள் அதைப் பார்த்துச் சிரித்தாள்.

நான் ஓடினேன். "நில்லுங்க! அங்கியே நில்லுங்க! மூட்டையக் கீழ போடுங்க!"

அது என் குரல் என்று எனக்கே புரியச் சற்று நேரமாயிற்று. அதற்குள் நாயின் அருகே முழங்காலிட்டு, கழுத்துப்பட்டைக்குள் விரல்களை நுழைத்துப் பிடித்திருந்தேன். அந்தப் பெண் மூட்டையை இறக்கவில்லை; ஆனால் நின்றாள்.

"யாரும்மா நீ, நாயப் புடிச்சிகினு எங்கள மெரட்டற?"

"நேத்து இது ஒருத்தர் கையக் கடிச்சிடுச்சி. எதையாவது தூக்கிகினு வெளிய போனா கடிக்கும். உங்ககிட்ட யாரும் சொல்லல. நான்தான் சொல்லியிருக்கணும்."

அவள் என்னையும் நாயையும் மாறி மாறிப் பார்த்தாள். பின்னால் வந்தவர்களிடம் திரும்பி, "தே, கேட்டீங்களாடி? கைய கடிக்குமாம். நல்ல எடம் பாத்து வேலைக்கு வந்தோம்" என்றாள். மூட்டை தொம்மென்று தரையில் விழுந்தது.

ஆலைக்காரர் வெளியே வந்தார். கோபம் தீராத முகத்தோடு கதவருகே நின்றார். "உங்கப்பா வந்துகினு கீறாரு. ஜீப்பும் வரணும், சங்கிலியும் வரணும். லாரி அது வரைக்கும் நிக்காது. நீ பேசினதுக்கு நீயே புடிச்சிகினு குந்து." பிறகு ஆட்களைப் பார்த்து, "எல்லாரும் அந்தப் பக்கமா ஒதுங்கிப் போங்க. ஒவ்வொருத்தரா. பாப்பா சொன்னப்புறம் போங்க" என்றார்.

நாயைச் சுவரோரமாக இழுத்துச் சென்று, அதன் முகம் என் தோளுக்குள் இருக்கும்படி அணைத்துக்கொண்டு மண் தரையில் உட்கார்ந்தேன். "போங்க" என்றேன். முதல் மூட்டை எங்களைக் கடந்தபோது அதன் கழுத்துச் சதை என் விரல்களுக்கிடையே இறுகியது. மூட்டை லாரியில் ஏறும்வரை காத்திருந்து, அந்த இறுக்கம் தளர்ந்த பிறகு, அடுத்தவரைப் பார்த்து மறுபடியும் "போங்க" என்றேன்.